சுவரைக் காப்பவர்கள் குடியிருந்தவரை மறக்கலாமா?

கடந்த தை மாதம் நமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். கும்பகோணம் பக்கத்திலிருந்து உறவினர் பன்னிரண்டு பேர் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து ஷாலிமாரில் இறங்கினார்கள். உறுப்பினரின் வீடோ ஒன்றரை அறை. ஆகவே கரியாஹாட் சந்திப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தை மூன்று இரவுகளுக்கு எடுத்தோம். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கென்று அந்த வீட்டைத் தளம் தளமாகப் பிரித்து, இரவுக் கணக்கில் இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். பழைய நகரத்தின் பழைய வாழ்வை அனுபவிக்கலாம் என்பது விளம்பரம். கட்டணம் இரவுக்கு நாலாயிரம் ரூபாய்.

இடத்தைப் பதிவு செய்தது கல்யாணப் பெண்ணின் தம்பி. எல்லாம் கைபேசியிலேயே முடிந்தது. வீட்டுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். பணம் கட்டிய பிறகுதான் விலாசம் வந்தது. சாவி வாங்கப் போன நம்மோடு பெண்ணின் பாட்டியம்மாவும் வந்தார். வயது எண்பதுக்கு மேல். வாசல் திண்ணையில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம வீடில்லையா?" என்றார்.

ஆம், அவர்கள் வீடுதான். சொந்த வீடல்ல, குடியிருந்த வீடு. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த அவர் கணவர் 1969ல் அந்த வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். 1993ல் அவர் காலமானார். குடும்பம் 2006 வரை அங்கேயே இருந்தது. முப்பத்தேழு வருஷம். பதிவு செய்த பையன் பிறந்ததே அந்த வீட்டை விட்டு வந்த மறு வருஷம்தான். அவனுக்கு எப்படித் தெரியும்?

பாட்டியம்மா அறை அறையாகப் போய்ப் பார்த்தார். அரிசி டின் இருந்த மூலையில் இப்போது ஒரு பித்தளைக் குடம் அலங்காரத்துக்கு நிற்கிறது. குழந்தைகள் படுத்த இடத்தில் நான்கு கால் மரக் கட்டில். ஆனால் தரை அதே சிவப்புத் தரை. ஜன்னல் அதே பச்சைப் பலகை ஜன்னல், வங்காளிகள் 'கட்கடி' என்பார்களே, அது. சாவி கொடுத்த இளைஞர் மரியாதையானவர். "தீதா, இந்தத் தரையைப் பாருங்கள், எண்பது வருஷத்து மெருகு" என்று பெருமையோடு சொன்னார். பாட்டியம்மா நம் பக்கம் திரும்பித் தமிழில், "மெருகு தானா வந்துடுமா? தினம் ரெண்டு வேளை துடைச்ச கை இது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இம்மாதத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

அந்த வீடு எப்படி வந்தது, யாரால் நின்றது என்று முதலில் பார்ப்போம். கரியாஹாட் என்ற பெயரில் 'ஹாட்' என்றால் சந்தை. தெற்குக் கல்கத்தாவின் இந்தப் பகுதியை நகரமாக்கியது கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். 1911ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் அமைந்து 1912ல் வேலையைத் தொடங்கிய அந்த டிரஸ்ட்தான் ராஷ்பிஹாரி அவென்யூ போன்ற அகலச் சாலைகளைப் போட்டது. இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் டாகுரியா ஏரியையும் வெட்டியது. சாலையின் இருபுறமும் மனைகள் விற்கப்பட்டன. 1930களிலும் 40களிலும் வக்கீல்களும் டாக்டர்களும் பேராசிரியர்களும் வீடு கட்டினார்கள். வளைந்த தாழ்வாரம், சூரிய உதயம் போன்ற இரும்புக் கம்பி வேலை, தெருவைப் பார்த்த 'ரொவாக்' என்னும் திண்ணை, உள்ளே சிவப்புத் தரை என்று அந்த வீடுகளுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு.

1947ல் தேசம் பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்நகருக்கு வந்தார்கள். இடநெருக்கடி கூடியது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடுகள் பலவற்றில் மூன்று நான்கு குடும்பங்கள் வாடகைக்கு ஏறின. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் அதற்குக் கிழக்கே கரியாஹாட் வரையிலும் இப்படித்தான் குடியேறின. முதலில் மெஸ்ஸில் ஒரு கட்டில். பிறகு கல்யாணமானதும் ஒரு அறை. பிள்ளைகள் பிறந்தால் இரண்டு அறை. வாழையிலையும் கறிவேப்பிலையும் லேக் மார்க்கெட்டில் கிடைக்கும் என்பதே நம் அம்மாக்களுக்குப் பாதி தைரியம்.

வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் படித்து டில்லிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீட்டில் மிஞ்சியது வயதான தம்பதியும், கீழே வாடகைக் குடும்பங்களும். ஒழுகினால் வாளி வைத்தது யார்? பாசி வழித்தது யார்? மழைக்காலத்தில் சாக்கடை அடைத்தால் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கியது யார்? குடியிருந்தவர்கள்தான். வீடு என்பது கட்டியவனின் பணத்தால் மட்டும் நிற்பதில்லை. ஆள் இல்லாத வீடு பத்து மழைக்குத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இனி, நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய வீட்டை விடுமுறை விடுதியாக்குவதை நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. பழைய வீட்டின் பெரிய எதிரி சுற்றுலாப் பயணி அல்ல. வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் புரொமோட்டர். கரியாஹாட்டைச் சுற்றி இப்படி மறைந்த வீடுகளை நம் வாசகர்களே தெருத் தெருவாக எண்ணிச் சொல்வார்கள். மாநகராட்சியிடம் பாரம்பரியக் கட்டடங்களின் தரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. லிட்டில் ரஸ்ஸல் தெருவிலிருந்த பழைய கெனில்வர்த் ஓட்டல் கட்டடம் தரம் குறைக்கப்பட்டு 2018ல் இடிக்கப்பட்டதை நகரமே பார்த்தது. அரண்மனைகளும் நினைவுச் சின்னங்களும் மட்டுமல்ல, சாதாரண மத்தியதர வீடுகளும் தெருக்களும்தான் இந்நகரின் முகம் என்று வாதாடி, எழுத்தாளர் அமித் சௌதுரி 2015ல் ஓர் இயக்கம் தொடங்கினார். அந்த வாதம் சரியானது. கரியாஹாட்டை ஒட்டிய ஹிந்துஸ்தான் பார்க்கில் மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியின் 'சுதர்மா' வீடு துணிக்கடையானாலும், இடிபடாமல் நின்றது. இடிபடுவதை விடக் கடையாவது மேல், விடுதியாவதும் மேல்.

வெளியூரில் தங்க இடம் வேண்டும் என்பதும் நமக்குப் புதிதல்ல. வேலூர் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்குப் போகும் வங்காளிக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அங்கே லாட்ஜ் வாசல்களில் வங்காள எழுத்தில் பலகை தொங்குகிறது. சமைத்துச் சாப்பிட அடுப்போடு அறை கிடைக்கிறது. அவர்களுக்கு அங்கே இடம் வேண்டும். நமக்கு இங்கே இடம் வேண்டும். கல்யாணத்துக்கு வந்த நம் உறவினர்களும் அந்த வீட்டில் சௌகரியமாகத்தான் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நம் புகார் என்ன?

கணக்கைப் பார்ப்போம். நாம் குமாஸ்தா, நமக்குத் தெரிந்தது கணக்குதான். இரவுக்கு 4,000 ரூபாய் என்றால், மாதத்தில் பதினைந்து நாள் ஆள் வந்தாலும் 60,000 ரூபாய். அதே இடத்தை ஒரு குடும்பத்துக்கு விட்டால் 15,000 ரூபாய் கிடைப்பதே கஷ்டம். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு எந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவார்? ஒரு வீடு இப்படி மாறினால் அது செய்தி. ஒரு தெருவே மாறினால், அந்தத் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை இருக்காது. சாமான் வாங்கும் மளிகைக் கடை இருக்காது. பூஜைக்குச் சந்தா கேட்டு வரும் பையன்களும் இருக்க மாட்டார்கள்.

இது கற்பனைப் பயமல்ல. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரில் வாடகை எகிறி, ஊர்க்காரர்களே ஊரை விட்டுப் போகும் நிலை வந்தது. அங்கே அனுமதி பெற்ற 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் நகர நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரும் அங்கே உடனிருக்க வேண்டும். அந்த ஊர்களின் அளவு வேறு, நம் ஊரின் அளவு வேறு. ஆனால் வெள்ளம் கழுத்துக்கு வந்த பிறகு கரை கட்டுவதைவிட, கணுக்காலில் இருக்கும்போதே கட்டுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது புகார் இன்னும் முக்கியமானது. பாட்டியம்மாவின் குடும்பம் அந்த வீட்டை விட்டு எப்படி வெளியேறியது என்பதைக் கேளுங்கள்.

மேற்கு வங்காளத்தில் 1956ஆம் வருஷத்து வாடகைதாரர் சட்டத்தின் கீழ், குடியிருப்பவர் இறந்தால் வாரிசுகள் தொடர்ந்து குடியிருக்க முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த 1997ஆம் வருஷத்துச் சட்டம் 2001 ஜூலை 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. வாடகைதாரர் இறந்தால் கூட இருந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஐந்து வருஷம்தான் என்றது அது. முன்பே இறந்திருந்தால் சட்டம் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷம். அதாவது 2006 ஜூலையில், நகரம் முழுவதும் எத்தனையோ குடும்பங்களின் உரிமை ஒரே நாளில் காலாவதியானது. அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் தரப்பிலிருந்து ஆள் வந்து, "ஐந்து வருஷம் முடிந்துவிட்டது, கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது, இதை வாங்கிக்கொண்டு காலி செய்யுங்கள்" என்று ஒரு சிறு தொகையைக் காட்டினார். மூத்த மகன் கையெழுத்துப் போட்டார். குடும்பம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றரை அறைக்கு மாறியது.

அதே சட்டத்தில் அடுத்த வரியும் இருந்தது. இறந்தவரின் மனைவிக்கு அந்த ஐந்து வருஷக் கெடு கிடையாது. கணவரோடு கூட வசித்து, அவரை நம்பி வாழ்ந்து, வேறு வீடு இல்லாதவராக இருந்தால் அந்தக் கெடு அவரைக் கட்டுப்படுத்தாது. பாட்டியம்மாவுக்கு வேறு வீடு ஏது? அவர் நின்று பேசியிருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன்? யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். அது அவர் வேலையல்ல. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். நமது சங்கம் அன்றும் இருந்தது. பொங்கல் விழா நடத்தினோம், பட்டிமன்றம் நடத்தினோம், ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அலைந்தோம். வாடகைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நடத்தவில்லை. இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அடுத்தவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. கல்யாணத்தன்று இரவு இதைப் பாட்டியம்மாவின் மகனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப தெரியாது சார்" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நமக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

காலியான அந்த இரண்டு அறைகள்தான் பல கை மாறி, இன்று பழைய வாழ்வை அனுபவிக்க வருகிறவர்களுக்கு விடப்படுகின்றன. வாழ்ந்தவர்களை அனுப்பிவிட்டு வாழ்வை மட்டும் விற்பதற்குப் பெயர் பாரம்பரியமா? சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் கட்டிய குடும்பத்தின் தாத்தா இருக்கிறார். டிராம் வண்டி இருக்கிறது. முப்பத்தேழு வருஷம் குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்று அந்தத் தரையைத் துடைக்கும் அம்மாள் விடியற்காலை கானிங் லோக்கலில் வந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறார். அவர் பெயரும் எங்கும் இருக்கப் போவதில்லை.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய கதையல்ல. நம் செட்டிநாட்டிலும் கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள் விடுதிகளாகியுள்ளன. தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது என்று வழிகாட்டி சொல்வார். அந்தத் தேக்கோடு தொடர்புள்ள பர்மாவில் உழைத்த தமிழன், 1942ல் ஜப்பானியர் படையெடுப்புக்குப் பயந்து காட்டுவழியே நடந்து, வழியில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அஸ்ஸாம் வந்து, பலர் கல்கத்தா வழியாக ஊர் திரும்பியதை அவர் சொல்ல மாட்டார். தூணுக்கு வரலாறு உண்டு, தோளுக்கு இல்லை.

கரியாஹாட் நமக்கு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில், நடைபாதைக் கடைகளை இரவோடு இரவாக அப்புறப்படுத்தினார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது இடதுசாரி அரசு என்பதையும் மறைக்காமல் சொல்வோம். வியாபாரிகள் கலைந்து போய்விடவில்லை. ஹாக்கர் சங்க்ராம் கமிட்டி என்று சேர்ந்தார்கள், போராடினார்கள், திரும்ப வந்தார்கள். 2014ல் நடைபாதை வியாபாரிகளுக்கென்று மத்தியச் சட்டமே வந்தது. இன்றும் கரியாஹாட்டில் புடவை பேரம் பேசுகிறோம் என்றால் அதற்கு அவர்கள் ஒற்றுமை காரணம். நடைபாதையில் கூடை வைத்தவர்கள் சாதித்தார்கள். கூரைக்குக் கீழ் இருந்த நாம் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனோம்.

எனவே நமது கோரிக்கைகளை இங்கே வைக்கிறோம்.

முதலாவது: இரவுக் கணக்கில் விடப்படும் ஒவ்வொரு வீடும் மாநகராட்சியில் பதிவாக வேண்டும். மத்திய சுற்றுலாத் துறையின் திட்டத்தில் பதிவாகும் வீட்டுத் தங்கல்களுக்கு, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டுக்காரரே இல்லாத முழு வீட்டு விடுதி, வீடு அல்ல, வியாபாரம். அதற்குரிய விதியும் வரியும் அதற்கு வேண்டும்.

இரண்டாவது: வாடகைக் குடும்பங்கள் இருக்கும் பழைய வீட்டை விடுதியாக்க அனுமதி கேட்டால், அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை முதலில் எழுத்தில் காட்ட வேண்டும். ஆபத்தான பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது குடியிருப்பவருக்கு இடம் தந்தால், உரிமையாளருக்குக் கூடுதல் தளம் கட்டச் சலுகை தரும் வழியை 2017ல் மாநகராட்சிச் சட்டத்தில் சேர்த்தார்கள். இடிக்கிறவருக்கு உள்ள கடமை, இடிக்காமல் சம்பாதிக்கிறவருக்கு ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது: பாரம்பரிய வீடு என்று பலகை வைப்பவர்கள், அதில் குடியிருந்தவர்களையும் வேலை செய்தவர்களையும் அந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், மனசு போதும்.

நம் குடும்பங்களுக்கும் சில வார்த்தை. வாடகை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அது உங்கள் உரிமை, வீட்டுக்காரரின் தயவு அல்ல. வாடகையை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். கெடுவுக்குள் ரெண்ட் கண்ட்ரோலரிடம் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். வாடகை ஒரு வரம்பைத் தாண்டினால் 1997ஆம் வருஷச் சட்டம் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதில் வீட்டின் அம்மா பெயரும் வரட்டும். வீட்டில் பெரியவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வாடகைக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். துக்கத்தில் இருக்கும்போதுதான் கையெழுத்துக் கேட்டு வருவார்கள்.

அடுத்த மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் வாடகைக் காகிதங்களைப் பார்க்க உட்காருகிறோம். வக்கீல் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டணம் கிடையாது. ரசீது, ஒப்பந்தம், பழைய கடிதம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். எதுவும் இல்லாதவர்களும் வாருங்கள். அவர்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை பாட்டியம்மா அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கோலம் போட்டார். மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதி இறங்கி வந்து பார்த்து, படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். எடுங்கள் என்றார். நீங்கள் எந்த ஊர் என்று அவர்கள் கேட்டதை நாம் தமிழில் சொன்னோம். அவர் கோலத்திலிருந்து கையை எடுக்காமல், "இந்த ஊர்தான், இந்த வீடுதான்னு சொல்லு" என்றார்.

சொன்னோம். இனி, சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்வோம்.